காற்றாடிக்கு அடியில்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் பாதி நலம் என்றுதான் சொல்ல வேண்டும். உன் மருமகள் பாப்பாவுக்கு மறுபடியும் இளைப்பு. மூச்சுக்கு மருந்து வைக்கும் மெஷினை அலமாரியில் எடுத்து வைப்பதையே விட்டுவிட்டோம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கம்பியில் விரலை வைத்தால் கரி. டாக்டர், "வீட்டை மாத்துங்க சார்"ங்கறார். அவர் வந்து மாற்றித் தரட்டும்.

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். உன் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மரத்தில் ஏற வேண்டும். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். இலையுதிரும் மூன்று மாதமும் காற்று குறைந்த இரவுகளில் வௌவாலுக்காக உங்கள் ஊர்க் காற்றாலையின் காற்றாடிகளை நிறுத்தி வைக்கிறோமே, அந்த நிறுத்தத்தைத் தளர்த்தும்படி வனவிலங்குக் குழுவிடம் கேட்டிருந்தோம். ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷம் பாதிக் காற்றாடிகள் வழக்கம்போல் நிற்கும், மீதிப் பாதி ஓடும். இரண்டுக்கும் அடியில் அடிபட்டு விழும் வௌவாலை நீதான் எடுக்கப் போகிறாய். எந்தப் பாதி நிற்கிறது என்று உனக்குச் சொல்ல மாட்டோம், அது விதி. இரண்டிலும் ஒரே அளவு என்று வந்தால் எங்கள் எல்லா ஊர்க் காற்றாலையிலும் நிறுத்தம் போய்விடும். நாம் நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் இங்கே நிலக்கரி கூடுதலாக எரிகிறது அக்கா. அதை நான் தினமும் ஜன்னலில் பார்க்கிறேன்.

நீ எடுப்பதை வைத்துத்தான் முடிவு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூலை 19

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இடுப்பு மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிக்காட்டும். மருமகளை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. அவளுக்கு என்று ஒரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்தேன், பாதியில் நிற்கிறது. இந்த ஊசி சரியில்லை.

தலைமை அலுவலகத்துத் துரைக்கு ஒரு சந்தேகம் கேட்கிறேன். காற்றே இல்லாத ராத்திரியில் அந்தக் காற்றாடி என்ன மின்சாரத்தைக் கொட்டிவிடப் போகிறது? நீ படித்தவன், கணக்கு வைத்திருப்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம், காற்று ஓய்ந்த ராத்திரியில்தான் பூச்சி பறக்கும், பூச்சி பறந்தால்தான் வௌவால் வெளியே வரும். மலைக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற பழைய சுரங்கத்தில்தான் இந்த ஜாதி இருக்கிறது. இதை விட்டால் வேறு ரெண்டு மலையில் இருக்கிறதாம், அவ்வளவுதான் உலகத்திலேயே. எலி மாதிரி பெற்றுத் தள்ளும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு தாய் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். நாம் பெற்றுக்கொள்கிற லட்சணத்தைவிடச் சிக்கனம்.

என் வேலை அப்படியேதான். விடிந்ததும் காக்கை வருவதற்குள் போய்விட வேண்டும். ஒவ்வொரு காற்றாடிக்கு அடியிலும் கயிறு கட்டின வரிசையில் நடந்து, கிடப்பதைக் கையுறையோடு எடுத்து, பையில் போட்டு, பிரிட்ஜில் வைக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் நேற்றும், "கையக் கழுவிட்டுக் காசக் குடுங்க வௌவாலம்மா"ன்னார். "உன் தராசைக் கழுவுய்யா முதல்ல"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். உன் அத்தான் போன பிறகு இந்த வேலையை வாங்கித் தந்தவன் நீ. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் வௌவால் செத்தால்தான் எனக்குச் சம்பளம் என்பது மட்டும் இத்தனை வருஷம் ஆகியும் தொண்டையில் நிற்கிறது.

மருமகளுக்கு என் முத்தங்கள். நீ இரும மாட்டாய், உன் குரலைக் கேட்டுக் கரியே ஓடிவிடும்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் ஒருமாதிரி தள்ளிக்கொண்டு போகிறோம். சிரித்தோம், முக்கியமாகத் தராசு.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. தேடுகிறவர்களுக்கும் ஒரு பரீட்சை உண்டு என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் யாரும் வைக்கவில்லை, இந்த முறை குழு வைக்கிறது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை விடியுமுன் ஒரு ஆய்வாளர் வந்து, உன் வரிசைகளில் செத்த வௌவால்களைப் போட்டுவிட்டுப் போவார். அவர் போட்டதில் நீ எத்தனையைக் கண்டுபிடிக்கிறாய் என்று பார்ப்பார்கள். பாதிதான் எடுத்தாய் என்றால், நீ சீசன் முழுக்க எடுத்ததையும் இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நீ சொல்வதுதான் கணக்கு. முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். அக்காவுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? ரொம்பக் குறைவாக எடுக்கிறவர்களை மாற்றிவிடுகிறார்கள், அந்தப் பயம்தான் எனக்கு.

அது கிடக்கட்டும், உன் கையெழுத்து ஏன் இவ்வளவு பெரிசாகிவிட்டது? ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் வருகிறது. கோட்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று. தபால்தலைக்காரன் உன்னால் பணக்காரன் ஆகிவிடுவான்.

உன் தம்பி


ஆகஸ்ட் 22

அன்புத் தம்பிக்கு,

நான் சௌக்கியம். மருமகள் பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதுவாய் என நம்பி இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது. கொஞ்சம் நிதானமாகப் போனேன், மதியம் ஆகிவிட்டது. அவர் போட்டதில் ஒன்றுகூட விடவில்லை. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் பார்த்ததிலேயே நீங்கதான் பெஸ்ட்டும்மா. என் பசங்களுக்கு நீங்க வந்து கிளாஸ் எடுக்கணும்"னார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

பேனா மட்டம். அதனால்தான் எழுத்து அப்படி. வெயிலும் இந்த வருஷம் ரொம்பக் கூசுகிறது, எல்லாருக்கும்தான்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மறுபடி அப்படியெல்லாம் எழுதாதே.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள், ஆபீசில் தலை நிமிரவில்லை. நாங்கள் நலம். நிஜமாகவே நலம், உன் மருமகள் இந்த மாதம் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

இன்னொரு நல்ல செய்தி. உன் முதல் ஆறு வாரக் கணக்கு வந்துவிட்டது. நின்ற காற்றாடிக்கும் ஓடின காற்றாடிக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். பரீட்சையில் நீ எதையும் விடவில்லை என்பதால் யாரும் வாய் திறக்க முடியவில்லை. எங்கள் மேலதிகாரி கூட்டத்திலேயே, "அந்த அம்மா கண்ணுக்கு மாலை போடணும்"னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எத்தனை வருஷமாக நான் சொல்லி வருகிறேன், சுத்தமான மின்சாரமும் இருக்கலாம், உன் வௌவாலும் இருக்கலாம் என்று! யாரும் நம்பவில்லை. கடைசியில் நிரூபித்தது என் அக்கா.

அறிக்கையை நான்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் உன்னைப் பார்க்க வருகிறேன். ஒரு காலை உன்கூட நடக்கிறேன். எத்தனை நாளாயிற்று, நாம் சேர்ந்து நடந்து.

உன் தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று தெரிந்தது. மருமகள் விஷயம் கேட்டு உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

அறிக்கைக்கு என்ன அவசரம்? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா? இன்னும் ஒரு வருஷம் பாருங்கள். விடிகாலையில் காற்றாடிக்கு அடியில் காக்கை ஏகமாக இருக்கிறது. நான் போனால்கூடப் பறக்க மாட்டேன் என்கிறது. சும்மாவா உட்கார்ந்திருக்கும்? நான் எடுக்கவில்லை என்பதால் அங்கே ஒன்றும் விழவில்லை என்று ஆகிவிடாது. ஒருத்தியின் கணக்கை நம்பி ஊர்ப்பட்ட காற்றாடியையும் ஓடவிடுவார்களா? வேறு ஒருவரையும் வைத்துப் பார்க்கச் சொல்லேன்.

வருவதற்கு அவசரமில்லை. ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது. உனக்கும் வேலை.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பாதி வழியிலேயே முடித்துவிட்டேன்.

உன்னைப் பார்த்தது ரொம்ப நிம்மதி. கொஞ்சம் இளைத்திருக்கிறாய், சாப்பிடு. வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. சமையல் மேடை மேலே இருக்கிற பல்பை மாற்று, கறிவெட்டும்போது கை வெட்டிக்கொள்ளப் போகிறாய். வாசல் படியில் ஒரு கைப்பிடி வைத்தால் நல்லது. அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறதாமே, இலவசமாகப் பார்க்கிறார்களாம். இந்த வயசில் எல்லோரும் சும்மா ஒருமுறை காட்டிக்கொள்வது வழக்கம், அதற்காகச் சொல்கிறேன்.

காலை நடை அருமையாக இருந்தது. காற்றாடிக்கு அடியில் நின்றால் இறக்கை சுற்றும் சத்தம் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது, ஆபீசில் படத்தில் பார்த்தால் அது தெரிவதில்லை.

அறிக்கை கொடுத்தாயிற்று. வருஷக் கடைசிக்குள் உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள். பாப்பா உன்னைக் கேட்டாள்.

உன் தம்பி


நவம்பர் 2

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நீயும் கேட்டுவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. நீ சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பொண்ணு சின்ன வயசுதான், "இத வச்சிக்கிட்டு எப்படிம்மா வேலைக்குப் போனீங்க?"ன்னு கேட்டாள். பழக்கம்தான்னேன். போன வருஷமே மங்க ஆரம்பித்தது. சொன்னால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். மண் கலர் தரையில் மண் கலர் வௌவால். கண் நன்றாக இருக்கிறவளுக்கே கஷ்டம்.

நீ பரீட்சையைச் சொல்லிவிட்டாய். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் நடக்கவே இல்லையடா. ஒவ்வொரு வரிசையிலும் மண்டி போட்டு, தரையைக் கையால் தடவித் தடவித்தான் அத்தனையையும் எடுத்தேன். அன்றைக்கு ஒருநாள் முடிந்தது. தினமும் முடியுமா? மற்ற நாளெல்லாம் நடந்தேன், பெரிசாகத் தெரிந்ததை எடுத்தேன், மீதியைக் காக்கைக்கு விட்டேன்.

இப்போது நீ. அன்று காலை என் பின்னால் நடந்து வந்தாயே. உன் இடது முட்டி மடக்கினால் சடக்கென்று நெறியும். பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து விழுந்ததிலிருந்து அப்படித்தான், அடுத்த அறையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். என் கண்தான் போயிற்று, காது போகவில்லை. அது நெறிந்த ஒவ்வொரு தடவையும் நான் விட்டதை எடுக்க நீ குனிந்திருக்கிறாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து டீ குடித்தாய், பல்பைப் பற்றிப் பேசினாய், போய்விட்டாய்.

என் மேல் இருக்கிற பாசம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது. என் வேலை போனால் போகட்டும், நான் யார் வீட்டிலாவது துணி மடித்தாவது பிழைத்துக்கொள்வேன். அடுத்த வருஷம் எல்லாக் காற்றாடியும் ராத்திரி முழுக்கச் சுற்றினால், அந்தச் சுரங்கத்தில் என்ன மிச்சம் இருக்கும்? வருஷத்துக்கு ஒரு குட்டி என்று எழுதினேனே உனக்கு!

குழுவுக்கு நானே எழுதிவிட்டேன், என் கணக்கை நம்பாதீர்கள் என்று. நீ எனக்கு ஒன்றே ஒன்று எழுது. எத்தனை எடுத்தாய்?

அக்கா


டிசம்பர் 5

தம்பிக்கு,

பதில் இல்லை. மருமகளுக்கு ஏதாவது சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது. அப்படியென்றால் அதையாவது எழுது, மற்றதை விடு.

வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்றைக்கு முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த விரிசல். இவ்வளவு அழகா ஒரு விரிசல் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பக்கத்துக் கட்டில்காரி பயந்துவிட்டாள். மறுநாள் யாரையும் கேட்காமல் காற்றாடிக்குப் போனேன். கல்லுக்கு இடையில் சின்னச் சின்ன எலும்பு. விரல் எலும்பு, நூல் மாதிரி. நான் நடந்த வரிசையில், என் காலடியிலேயே. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குழுவிலிருந்து பதில் வந்தது. ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பரீட்சையில் நான் எதையும் விடவில்லையாம், அதனால் என் கணக்கில் சந்தேகப்பட அவர்களுக்குக் காரணம் இல்லையாம். வயசானவர்களுக்கு ஆபரேஷன் சமயத்தில் இப்படி மனக்கலக்கம் வருவது சகஜமாம். எலும்பைப் பற்றிச் சொன்னதற்கு, அது எந்த வருஷத்து எலும்பு என்று சொல்ல முடியாதாம். வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதித் தரச் சொல்கிறார்கள். இம்மாதக் கடைசி வரை கெடு கொடுத்திருக்கிறார்கள்.

பார்த்தது நீ ஒருவன்தான். பரீட்சை எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லக்கூடியவனும் நீ ஒருவன்தான். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அந்தப் புகையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறவனிடம் போய்க் கேட்கிறேனே என்று எனக்கே வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு நீ எத்தனை எடுத்தாய்?

உன் அக்கா


ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. பனி என்பதால் இரவில் மெஷின் வைக்கிறோம், காலையில் சரியாகிவிடுகிறது. என் உடம்பும் பரவாயில்லை. பயப்படாதே. உன் கண்ணைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன், பிறகு முடியவில்லை.

உன் இரண்டு கடிதங்களும் மேஜை டிராயரில்தான் இருந்தன. தினமும் திறப்பேன், மூடுவேன். பாப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன், உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள் அக்கா. அதற்காகவும்தான்.

குழுவுக்கு எழுதிவிட்டேன். பரீட்சையை உனக்குச் சொன்னதையும் அன்று காலை நடந்ததையும், இரண்டையும். கெடு முடிகிற அன்று நானே போய்க் கையில் கொடுத்தேன். அறிக்கையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இந்த வருஷம் எல்லாக் காற்றாடியும் பழையபடி இரவில் நிற்கும், புது ஆட்களை வைத்து மறுபடி எண்ணுவார்கள். ஆபீசில் என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. உன் தம்பி மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. "உங்கக்கா கேட்டா நீங்க செய்யாம இருப்பீங்களா?"ன்னு மட்டும் சொன்னாள். நிறைய யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில். பதினொன்று.

குழுவுக்கு அந்த எண்ணிக்கையை மட்டும்தான் எழுதினேன். உனக்கு மீதியையும் எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டே உன் பின்னால் வந்தேன். எல்லாம் செத்தது என்று நினைத்தேன். உன் வீட்டில் உட்கார்ந்து நீ டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது பைக்குள் ஒன்று அசைந்தது. உயிரோடு கிடைப்பதைப் பிழைக்க வைக்க நீ வைத்திருக்கும் பெட்டி, கையுறை, மருந்து எல்லாம் எதிரிலேயே இருந்தன. நான் கையை உள்ளே விட்டு, சத்தம் வராமல் அதை மூடிப் பிடித்துக்கொண்டு உன்னோடு பல்பைப் பற்றிப் பேசினேன்.

பஸ் கிளம்பின பிறகும் கொஞ்ச தூரம் அது அசைந்துகொண்டிருந்தது.

தம்பி